‘ஹட்டனில் எங்கே?’

வாசகி ஒருவர் ஒன்பது பக்கங்களில் கையால் எழுதி அனுப்பிய கடிதத்துக்கான பதில் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

வயது 27. நுவரெலியா மாவட்டத்தில், ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போய், இறங்கி நடக்கவும் வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர். அம்மாவுக்கு 54 வயது, கொழுந்து பறிக்கிறார். அப்பா மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு அடிபட்டு வேலையை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மகள் முகாமைத்துவம் படித்துப் பட்டம் பெற்று, கண்டியில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். அலுவலகத்தில் எல்லோரும் அவரை ஹட்டன் டவுன் பிள்ளை என்றே நினைத்திருக்கிறார்கள். வேலை விண்ணப்பத்தில் டவுனில் குடியிருந்த அத்தையின் விலாசத்தைத்தான் கொடுத்திருந்தார். ‘நுவரெலியா மாவட்டக் கோட்டாவில் கம்பஸ் போனவள்’ என்று ஒருவர் காதுபடச் சொன்னதும் அவர் மனதில் தைத்திருக்கிறது.

அதே அலுவலகத்தில் ஒருவர் இவரை விரும்பி வீட்டில் பேசியிருக்கிறார். நுவரெலியாவில் இரண்டு தலைமுறையாக ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் குடும்பம். மொழி ஒன்று, கோயில் ஒன்று, சாதியும் ஒன்றுதான். ‘அப்பா தோட்டத்தில் வேலை பார்த்தவர்’ என்று இவர் சொன்னதை அவர்கள் கிளாக்கர் அல்லது கணக்கப்பிள்ளை என்று எடுத்துக்கொண்டார்கள். இவரும் திருத்தவில்லை. அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். டவுனில் தெரிந்தவர் வீட்டை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கலாம். ‘நான் வரவில்லை, என் கையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.’

மூன்று கேள்விகள். வீட்டை மாற்றிக் காட்டினால் பின்னால் சட்டச் சிக்கல் வருமா? அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினால் லயத்துக் காம்பரா (குடியிருக்கும் அறை) பறிபோகுமா? சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போகிறேன் என்கிற 16 வயதுத் தம்பியை விட்டுவிடலாமா? ‘எனக்குத் திறமை இருந்தது, மேலே வந்தேன். அவனுக்கு இல்லை’ என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள தங்கச்சி,

அம்மாவின் கையைப் பற்றிய அந்த வரிக்கு மேல் சற்று நேரம் என்னால் வாசிக்க முடியவில்லை. என் அம்மா கல்யாண வீடுகளுக்குப் புறப்படும்போது தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் உட்கார்ந்து தேசிக்காய்த் தோலால் விரல்களைத் தேய்ப்பார். உள்ளங்கை வெளுக்கும், பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உள்ள வெடிப்புக்குள் இறங்கிய கொழுந்துக் கறை மட்டும் அப்படியே இருக்கும். போட்டோ எடுக்கும்போது முந்தானைக்குள் கையை வைத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் அம்மாவின் கை தெரிகிற கல்யாணப் படம் ஒன்றுகூட இல்லை.

நானும் உங்களைப் போலச் சொன்னவள்தான். பயிற்சிச் சட்டத்தரணியாகச் சேர்ந்த முதல் நாள் மூத்த சட்டத்தரணி ஒருவர் ‘எந்த ஊர்?’ என்றார். ‘ஹட்டன்’ என்றேன். ‘ஹட்டனில் எங்கே?’ என்றார். முதல் கேள்விக்கு ஊர் பெயர் போதும். இரண்டாவது கேள்வி வேறு. உன் அப்பா யார், வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இருக்கிறதா, உன்னை எந்த நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்பதையெல்லாம் இரண்டு சொல்லில் கேட்டுவிடுகிற கேள்வி அது. ‘டவுனுக்குப் பக்கத்தில்’ என்றேன். பதினொரு கிலோமீற்றரை ‘பக்கத்தில்’ என்று சொன்னவளிடம்தான் நீங்கள் ஆலோசனை கேட்கிறீர்கள். ஆகவே உபதேசம் செய்ய எனக்கு உரிமை இல்லை. தெரிந்த சட்டத்தையும் பட்ட அனுபவத்தையும் சொல்கிறேன்.

சொல்லாமல் இருப்பதும் மாற்றிச் சொல்வதும்

லயத்தில் பிறந்தேன் என்று யாரிடமும் அறிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அலுவலகத்துக்குக் கடிதம் வரும் விலாசமாக அத்தை வீட்டைக் கொடுத்ததும் குற்றம் இல்லை. தோட்ட விலாசத்துக்கு வரும் தபால் பல இடங்களில் தோட்டத்து ஆபிஸில் இறங்கி, யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் லயத்துக்கு வரும். எனக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் ஒன்று அப்படி மேசையில் கிடந்து, தேர்வு முடிந்த மூன்றாம் நாள் கைக்கு வந்தது. டவுன் விலாசம் கொடுப்பவர்கள் எல்லோரும் வெட்கப்பட்டுக் கொடுப்பதில்லை. ஆனால் ‘நிரந்தர விலாசம்’ என்று கேட்கும் படிவமும் சத்தியக் கடதாசியும் வேறு விடயம். அங்கே உள்ளதைத்தான் எழுத வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால் இப்போதே இரண்டு வரிக் கடிதம் கொடுத்துத் திருத்திவிடுங்கள். அதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. வேலையில் சேரும்போது தேசிய அடையாள அட்டையின் போட்டோப் பிரதி கொடுத்திருப்பீர்கள். உங்கள் அட்டையில் தோட்டத்து விலாசம்தான் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மூன்று ஆண்டுகளாக ஒளித்துவைத்திருக்கும் செய்தி உங்கள் அலுவலகக் கோப்பிலேயே கிடக்கிறது. யாரும் புரட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

திருமணத்துக்கு வருவோம். பெண் பார்க்க வந்தவர்களுக்கு வேறொரு வீட்டைக் காட்டியதற்காக உங்களை யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்கப் போவதில்லை. பொதுத் திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்: பிறர்மனை உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு போன்ற இயலாமை. லயம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பதிவுக்குப் போகும்போது உங்கள் வதிவிடத்தோடு தகப்பனின் பெயரையும் தொழிலையும் பதிவாளர் கேட்டு எழுதுவார். அந்தக் கட்டத்தில் ‘கிளாக்கர்’ என்று எழுத முடியாது. தெரிந்தே பொய் எழுதிக் கையெழுத்திடுவது குற்றம். மாப்பிள்ளை வீட்டார் சாட்சிக் கையெழுத்துப் போடக் குனியும் அதே தாளில் உங்கள் அப்பாவின் தொழில் இருக்கும்.

சட்டத்தைவிட நடைமுறைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒரு நாளைக்கு வாங்கிய வீட்டை ஒரு நாளில் திருப்பிக் கொடுக்க முடியாது. நிச்சயதார்த்தத்துக்கு அது வேண்டும், தாலி கட்டி மறுவீடு வர வேண்டும், தலைப்பிரசவத்துக்கு வர வேண்டும். உங்கள் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர்கள் மாலையோடு எந்த வீட்டுக்கு வருவார்கள்?

உங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. வீட்டை மாற்றிக் காட்டலாம். அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு எல்லோர் முன்னிலையிலும் சொல்லலாம். அதற்கு முன்னால் அவரிடம் மட்டும் தனியாகச் சொல்லலாம். இரண்டாவது துணிச்சலானதுபோலத் தோன்றும். நான் அதைச் சொல்ல மாட்டேன். சபையில் வரும் முதல் முகச்சுளிப்பு உங்கள் அம்மாவின் மீதுதான் விழும், அதை அவருக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்ய நமக்கு உரிமை இல்லை. மூன்றாவதையே செய்யுங்கள். அவரிடம் சொல்லுங்கள், தன் வீட்டாரிடம் சொல்வதை அவர் பொறுப்பில் விடுங்கள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கவும் கூடும். நம் பேச்சு நம்மைக் காட்டிக்கொடுக்கும், காதல் வந்தவருக்குக் காது கேட்காமல் போவதில்லை.

அவர்கள் கட்டாயம் மறுத்துவிடுவார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பது ஊகம். ஏற்றுக்கொள்வார்கள் என்று நான் எழுதினால் அதுவும் ஊகமே. மூன்றாவது ஒன்று நடக்கலாம், அதைத்தான் என்னிடம் வரும் கோப்புகளில் அதிகம் பார்க்கிறேன். ‘சம்மதம், ஆனால்...’ என்று தொடங்குவார்கள். லயத்துப் பிள்ளை என்ற குறையைச் சீதனத்தில் ஈடுகட்டச் சொல்வார்கள். அந்த ‘ஆனால்’ வந்தால் கடன் வாங்காதீர்கள். உறுதி இல்லாத வீட்டை எந்த வங்கியும் ஈடாக வாங்காது. சம்பளத்தின் மீதும் சக ஊழியர்களின் பிணைக் கையெழுத்தின் மீதும்தான் உங்களுக்குக் கடன் கிடைக்கும். அதே தொகைக்கு அவர்கள் தங்கள் கடைக் கட்டடத்தை ஈடு வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். கடனில்கூட இரண்டு வகை இருக்கிறது என்பதை ஒரு நிதி நிறுவனத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களைப் பற்றி ஒன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்களைத்தான் என்றாலும், டவுனில் கடை போட்டிருந்த இந்திய வம்சாவளியினரையும் அது விடவில்லை. 1949இன் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களில் கடைக்காரர்களும் உண்டு. அவருடைய பாட்டனாரும் அந்த வரிசையில் நின்றிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். பிறகு கடைக்கு உறுதி கிடைத்தது, லயத்துக்குக் கிடைக்கவில்லை. உங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் இடையில் எனக்குத் தெரிகிற தூரம் அவ்வளவுதான்.

அம்மாவும் காம்பராவும்

‘வீட்டில் ஒருவராவது தோட்ட வேலைக்குப் பேர் போட வேண்டும், இல்லாவிட்டால் காம்பராவைப் பிடுங்கிவிடுவார்கள்’ என்பது மலைநாடெங்கும் சொல்லப்படும் பேச்சு. பல துரைமாரும் (தோட்ட முகாமையாளர்களும்) அதைத் திருத்துவதில்லை. 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் (விசேட ஏற்பாடுகள்) சட்டப்படி, வேலை முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் தொழிலாளியையும் அவரைச் சார்ந்தவர்களையும் வெளியேற்ற முடியாது; நீதிமன்றக் கட்டளை வேண்டும். கதவைப் பூட்டுவதும் கூரைத் தகரத்தைக் கழற்றுவதும் தண்ணீரை நிறுத்துவதும் கட்டளை ஆகாது.

அதற்காக முழுமையாக அச்சமின்றி இருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மட்டும் கம்பனிகளின் கைக்குப் போனது. நிலம் பெரும்பாலும் அரசுடையது. அரச காணியில் குடியிருப்பவருக்கு 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளியேறும்படி அறிவித்தல் அனுப்பலாம், அந்த வழக்கில் எதிர்த்துச் சொல்வதற்கு இடம் மிகக் குறைவு. அப்படி ஒரு தாள் வந்தால் அன்றைக்கே சட்டத்தரணியிடம் கொண்டு போக வேண்டும். பெரியப்பா வரட்டும், தலைவர் வரட்டும் என்று வைத்திருக்கக் கூடாது.

பணத்தைப் பாருங்கள். அம்மா 20 வயதில் பெயர் பதிந்து 34 ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்ததாகவும், சம்பளச் சீட்டில் நாட்கூலி 1350 ரூபாய் என்று இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி நாட்கூலிக்காரருக்கு ஓராண்டுக்கு 14 நாள் கூலி. 34 ஆண்டுக்கு 476 நாள். கடைசியாக வாங்கிய கூலியில் கணக்கிட்டால் 6,42,600 ரூபாய். கூலி அதற்குப் பிறகு கூடியிருந்தால் தொகையும் கூடும். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதமானால் மேலதிகத் தொகையும் சேர்த்து. ஊழியர் சேமலாப நிதி தனி: அம்மாவின் கூலியில் 8 வீதம், தோட்டம் போடும் 12 வீதம். ஓய்வு பெறும் பெண்ணுக்கு 50 வயதானால் எடுக்கலாம். ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் அதற்கும் தனி. அம்மா ‘நின்றுவிட்டார்’ என்று வாயால் சொல்லி முடிக்காமல், இவற்றுக்கெல்லாம் எழுத்தில் விண்ணப்பித்து, பிரதியில் முத்திரையோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.

இங்கே பலருடைய கால் தடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அம்மாவின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதியின் பி கார்ட் மூன்றையும் ஒரே மேசையில் அடுக்கிப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் மாரியாயி, இன்னொன்றில் மாரியம்மா, மூன்றாவதில் சிங்களத்தில் காதில் விழுந்தபடி எழுதிய வேறேதோ. இப்படி ஒரே பெண் மூன்று பேராகி, சொந்தப் பணத்துக்காக ஆபிஸ் ஆபிஸாக அலைந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். வேறுபாடு இருந்தால் மூவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி செய்து, திருத்தும் வேலையை வேலையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். தோட்டம் சேமலாப நிதியை ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா என்பதைப் பகுதித் தொழில் அலுவலகத்தில் பார்க்கலாம். தேயிலை மலையைப் பிரித்துத் தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று ஏதாவது தாள் நீட்டினால், வாசித்து விளங்கும்வரை போட வேண்டாம். சேவைக்காலம் அங்கேயே முறிந்துவிடலாம்.

ஒன்பது பக்கங்களில் அப்பாவுக்குப் பணிக்கொடையும் விபத்து இழப்பீடும் கிடைத்ததா என்று ஒரு சொல்கூட இல்லை. விழுந்தது வேலை நேரத்தில் என்றால் அதையும் தேடிப் பார்க்க வேண்டும். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

‘திறமை’ என்று நீங்கள் எழுதியது

ஆறாம் பக்கத்தின் ஓரத்தில், பேனை மாற்றி நுணுக்கி எழுதிய ஒரு வரி இருக்கிறது. ‘ஆறாம் வகுப்புக்கு அத்தை வீட்டில் நின்று டவுன் ஸ்கூலுக்குப் போனேன்.’ கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான் என்று நினைக்கிறேன். அத்தைக்கு டவுனில் விலாசம் இருந்ததால் அந்தப் பாடசாலை கிடைத்தது. அங்கே உயர்தர வகுப்பும் பாடத்துக்கொரு ஆசிரியரும் இருந்தார்கள். இரவில் படிக்கத் தனி மேசை இருந்தது. டியூஷன் வகுப்பு இரண்டு தெரு தள்ளி. தம்பி ஆறாம் வகுப்புக்கு வந்தபோது அத்தை வத்தளைக்குக் குடிபோய்விட்டார். அவன் தோட்டப் பாடசாலையிலேயே நின்றான். உங்கள் கணக்குப்படியே, சாதாரண தரம் எழுதும் ஆண்டில் எட்டு மாதம் அவனுக்குக் கணித ஆசிரியர் இல்லை.

நீங்கள் உழைக்கவில்லை என்று சொல்லவில்லை. உழைத்தீர்கள், அதற்கு மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் அதே உழைப்பு அத்தை வீட்டு விலாசம் இல்லாமல் எங்கே போய் நின்றிருக்கும் என்று யோசித்துவிட்டுத் தம்பியை அளந்து பாருங்கள். விலாசத்தை ஒளித்துக்கொள்கிற நீங்களே, விலாசத்தால் ஒன்றும் ஆவதில்லை என்று அவனிடம் சொல்கிறீர்களே!

அந்தக் ‘கோட்டா’ப் பேச்சையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். பல்கலைக்கழக அனுமதியில், பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய தகுதி வரிசையில், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு ஏற்ப, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் உண்டு. யாழ்ப்பாணம், அநுராதபுரம், அம்பாறையும் உண்டு. இந்த ஒதுக்கீடு தோட்டத்துக்கென்று தரப்பட்டது இல்லை, மாவட்டத்துக்குத் தரப்பட்டது. நுவரெலியா டவுனில் காரில் பாடசாலைக்குப் போன பிள்ளையும் அதே வரிசையில் உங்களோடு போட்டியிட்டது. உங்களுக்கு வருங்காலக் கணவராக வரக்கூடியவரும் அதே மாவட்டத்தில் உயர்தரம் எழுதிக் கம்பஸ் போனவர் என்றால், அவரும் ‘கோட்டா’தான். அவரிடம் யாராவது அப்படிச் சொன்னார்களா?

தம்பிக்கு வயது 16 என்பதால் சட்டம் அவனைத் தடுக்காது. கட்டாயக் கல்வி அந்த வயதோடு முடிகிறது, வேலைக்குச் சேரக்கூடிய குறைந்தபட்ச வயதும் இப்போது அதுதான். கொழும்புக் கடையில் சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும், பெயர் மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. போயே ஆக வேண்டும் என்றால் நியமனக் கடிதமும் சேமலாப நிதியும் தரும் கடையாகப் பாருங்கள். அதற்கு முன்னால் இரண்டு கதவுகளைத் தட்டலாம். சாதாரண தரத்தில் தவறினாலும் தொழிற்பாடங்களோடு தொடரக்கூடிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம் எந்தப் பாடசாலையில் தமிழ் மொழியில் நடக்கிறது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் மின்னிணைப்பு, மோட்டார் திருத்துதல் போன்ற பயிற்சிகளைப் பாருங்கள். ஒரு வருடம் அவன் உங்களோடு கண்டியில் தங்க முடியுமா என்றும் யோசியுங்கள். அத்தை உங்களுக்குச் செய்தது அதுதானே. அறை சின்னது என்று எழுதியிருக்கிறீர்கள். காம்பராவில் ஆறு பேர் படுத்த பிள்ளைகள் நாம்.

இனி அந்த நாள். அவரிடம் சொல்லிவிட்டீர்கள், அவர்கள் வருகிறோம் என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். லயத்துக்குள் எல்லோரையும் உட்கார வைக்க இடம் போதாது, முன் திண்ணையான இஸ்தோப்பில் நாற்காலி போடுங்கள். பக்கத்துக் காம்பராக்காரரிடம் முன்கூட்டியே சொன்னால் அவர்கள் இஸ்தோப்பையும் கூட்டிக் கழுவித் தருவார்கள். தோட்டத்துக்குள் பெரிய வேன் வராது, மேல் றோட்டிலேயே நிறுத்தச் சொல்ல வேண்டும். பீலிக்கரைப் படி மழை பெய்தால் வழுக்கும். மாப்பிள்ளையின் அம்மாவிடம் உயர்ந்த செருப்புப் போட வேண்டாம் என்று அவர் மூலம் சொல்லி அனுப்புங்கள். தேநீர்த் தட்டை யார் கொண்டு வருவது என்பதை அம்மாவிடமே கேளுங்கள்.